ஓட்டுக்கும் பரம்பரைப் பாத்தியதையா?

(கோவில்பட்டி வட்டாரக் கிராமமொன்றில், ஜனவரி 25ந் தேதி வாக்காளர் தினத்தையொட்டிப் பேசியதன் சாரம்)



தேர்தல் கமிஷன் 1950ஆம் வருஷம் ஜனவரி 25ந் தேதி ஏற்பட்டதை முன்னிட்டு, 2011 முதல் இந்நாளை வாக்காளர் தினமென்று சர்க்காரார் கொண்டாடி வருகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் வருஷத்துக்கொருமுறை உறுதிமொழி வாசித்துவிட்டால் ஓட்டுக்கு மதிப்பு வந்துவிடுமா?

இந்த ஓட்டு நமக்கு லேசில் வந்ததல்ல. 1920ல் இரட்டை ஆட்சியின்கீழ் சென்னைச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது, பெரும்பாலும் சொத்தும் வரியும் உடையவனுக்கே ஓட்டு. பெண்களுக்கு அடியோடு இல்லை. 1921ல் பெண்களுக்கும் உண்டென்று தீர்மானமாயிற்று என்றாலும், கரிசல் காட்டில் களையெடுத்த ஏழைக் கூலிக்காரிக்கு அது எட்டவில்லை. 1952 தேர்தலில்தான் 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு வந்தது. அப்போதும் என்ன நடந்தது? வடநாட்டுப் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லாமல், ‘இன்னான் பெண்சாதி’, ‘இன்னான் தாய்’ என்றே எழுதச் சொன்னபடியால், சுமார் 28 லட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சொந்தப் பெயரே இல்லாதவளுக்குச் சொந்த ஓட்டு எங்கிருந்து வரும்?

நம்மூரில் பெயர் இருக்கிறது; ஆனால் ஓட்டு யாருடையது? “எங்கள் வீடு தாத்தா காலத்திலிருந்து இன்ன கட்சி” என்று பெருமையாகச் சொல்லுகிறோம். எட்டயபுரத்தில் அப்பன் ஜமீன்தார் என்பதற்காக மகன் ஜமீன்தாராய் இருந்தானே, அது அக்கிரமமென்றுதானே 1948ல் சட்டம் போட்டு ஜமீன்களை ஒழித்தார்கள்? பிறகு வீட்டுக்குள் ஓட்டுக்கு மட்டும் ஜமீன் எதற்கு? அப்பன் பருத்தி போட்டானென்று எல்லா வருஷமும் பருத்தியேவா போடுகிறோம்? மழையைப் பார்க்கிறோம், விலையைப் பார்க்கிறோம், மக்காச்சோளமோ உளுந்தோ போடுகிறோம். ஆறுமாத வெள்ளாமைக்கு உபயோகிக்கும் புத்தியை ஐந்து வருஷ ஆட்சிக்கு உபயோகிக்கக் கூடாதா? யோசித்த பிறகும் அப்பன் கட்சியே சரியென்று பட்டால் தாராளமாய் அதற்கே போடுங்கள். யோசிக்காமல் போடாதீர்கள் என்பதுதான் நம் வாதம்.

1967ல் பக்கத்து விருதுநகரில், மாணவர் தலைவராயிருந்த சீனிவாசனிடம் காமராசரே தோற்றார். அது நல்லதா கெட்டதா என்பது வேறு சங்கதி. வீட்டுக்கு வீடு ஓட்டு பரம்பரைச் சொத்தாய் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

பணத்தைக் கொடுத்துக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்குகிறார்களே, அதுவும் இப்படித்தான். லஞ்சத்துக்குச் சாட்சியாய் வரும் சாமியிடம் என்ன பயம்? ராகுகாலம் தவிர்த்து மனுக் கொடுத்த அபேட்சகர்களிலும் ஒருவர்தானே ஜெயிக்கிறார்?

நமது குடும்பத்துச் சங்கதி ஒன்றையும் மறைக்காமல் சொல்லுகிறோம். 1952ல் அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டி; அதன்மேல் சின்னம். நமது பாட்டியார் பாட்டனார் சொன்ன பெட்டியில் சீட்டைப் போட்டார். ஆளின் பெயர்கூடத் தெரியாது. பிறகு பாட்டனார் போனார். தகப்பனார் சொன்னதற்குப் போட்டார். 2001ல் மிஷின் வந்தது. சாவடியிலிருந்து திரும்பியவரை நாம், மேடையேறிச் சுயமரியாதை பேசிக் கொண்டிருந்த நாம், வாசலிலே நிறுத்தி, “யாருக்குப் போட்டாய்?” என்று அதட்டினோம். “அது எனக்கும் அந்த மிஷினுக்கும் உள்ள பேச்சு, உனக்கென்ன?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். நமக்குக் கோபம் வந்தது. வெட்கம் வர வெகுநாளாயிற்று.

இங்கிலாந்தில் 1872 வரையில் ஓட்டை வாய்விட்டுச் சொல்லவேண்டும். நிலக்காரன் கேட்டுக் கொண்டிருப்பான். குத்தகைக்காரன் என்ன செய்வான்? அதற்காகத்தான் மறைப்பு வந்தது. அந்த மறைப்பு நிலக்காரனுக்கு மட்டுமல்ல, புருஷனுக்கும் மாமியாருக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே ஆண் தோழர்களே! மேடையில் சுயமரியாதை பேசுவது சுலபம். தீப்பெட்டி ஆபீசில் பாடுபட்டுக் கூலி கொண்டுவரும் பெண்ணுக்குத் தன் ஓட்டைத் தானே போட யோக்கியதை இல்லையா? வருகிற தேர்தலன்று யாருக்குப் போட்டாய் என்று வீட்டில் யாரையும் கேளாதிருங்கள். அதுவே நீங்கள் இக்கூட்டத்துக்கு வந்ததற்குப் போதுமான பலன்.