முந்திச் செல்லக் கேட்கும் பொதிகள்
(சங்க ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



2009ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியாவுக்குப் போகப் பாதைக்குக் காத்து நின்றதைப் பெரியோர் மறந்திருக்கமாட்டீர்கள். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு முதலிடம் வேண்டியிருந்தது அந்தத் துறையடியில்தான். வெறும் வீதியில் யார் விலகினாலென்ன, விலகாவிட்டாலென்ன? நான் பேச வந்தது இணையத்தைப் பற்றியே ஆயினும், அந்தத் துறையடியை மனத்தில் வைத்துக் கேளுங்கள்.

கணினி அனுப்பும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது. பொதி ஒவ்வொன்றின் தலைப்பிலும் அதன் அவசரத்தைக் குறிக்க ஓரிடம் உண்டு. 1981இல் அங்கே மூன்று பிட்டுகள் ஒதுக்கி எட்டுத் தரங்கள் வைத்தார்கள். சாதாரணம், உடனடி என்றவாறு அவற்றுக்கு இட்ட பெயர்கள் இராணுவச் செய்திகளுக்கு வழங்கியவை. உலகப்போரிற் கடற்படைத் தளமாயிருந்த நம் துறைமுகத்துக்கு அவ்வழக்கம் புதிதன்று. 1998இல் ஆறு பிட்டுகளாக்கி 64 குறிகளுக்கு இடஞ்செய்தார்கள். குரலுக்கு வழங்கும் குறி 46.

அக்காலத்தில் அவசரத் தந்திக்குக் கட்டணம் கூட. ஆகவே சாவு, சுகவீனம் என்றாலன்றி எவரும் அவசரமென்று எழுதுவதில்லை. பொதியின் குறிக்கோ ஒரு சதமும் இல்லை. தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். அம்மா ரொறன்ரோவிலுள்ள அண்ணனோடு பேசும்போது குரல் அறுந்து அறுந்து வந்தது. அதே வேளையில் என் மகன் தேர்த்திருவிழாக் காணொளியை ஏற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய கணினி லினக்ஸ்; அதிற் செயலி தான் விரும்பிய குறியைப் பெரும்பாலும் தானே எழுதலாம். விண்டோஸ் அப்படி நேரே எழுதுங் குறியைப் பொதுவாக ஏற்பதில்லை. தனி வழியாகக் கேட்கவேண்டும், அல்லது நிர்வாகி விதிக்கவேண்டும். மகன் அப்பாச்சியின் அழைப்புக்கு 46 என்று குறியிட்டான். தன் காணொளிக்கும் 46 என்றே இட்டான்! எல்லா வண்டியும் நோயாளி வண்டியானால் துறையடியில் யாரை முன்னே விடுவது?

காணொளியின் குறியை நீக்கிய பின்னும் குரல் தெளியவில்லை. வைபைக் கருவிகளில் நான்கு வரிசைகள் உண்டு. 46ஐ இரும எண்ணில் எழுதினால் 101110. பல கருவிகள் முதல் மூன்றையே பார்க்கின்றன. 101, அதாவது ஐந்து. ஐந்து என்பது காணொளி வரிசை! குரலைக் குரல் வரிசையிலேயே விடுமாறு 2018இற் பொறியியலாளர் நெறியொன்று வெளியிட்டனர். பழைய கருவிகள் அதை எங்கே கண்டன? வீட்டைத் தாண்டினால் இணைய நிறுவனங்கள் பல இக்குறியைப் பாராமலே விடும், அல்லது அழித்துப் பூச்சியமாக்கிவிடும். முன்பின் அறியாதவன் எழுதிய அவசரத்தை நம்பிவிட்டால் அவர்கள் வரிசையும் குலைந்துபோகும். அதிற் குறைகாண எனக்கு மனமில்லை. குறி என்பது விண்ணப்பமேயன்றி ஆணையன்று.

ஆயின் செய்யத்தக்கது என்ன? நெருக்கடி எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் அது நம் வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் ஒடுங்கிய வழிதான். ரவுட்டரில் அனுப்பும் வேகத்தை இணைப்பின் வேகத்திலுஞ் சற்றுக் குறைத்து வைத்தேன். அப்போது வரிசை எவருடைய பெட்டியிலோ அல்லாமல் நம் ரவுட்டரிலேயே நிற்கும். அங்கே 46ஐ முன்னே விடுவது நம் கையில். காணொளி ஏறி முடியச் சற்று நேரமெடுத்தது. அம்மா அரைமணி நேரம் தடையின்றிப் பேசினார்.

பாலம் வந்தபின் துறையடியில் வரிசை ஏது என்று இளைஞர் கேட்பீர்கள். மெய்தான், இணைப்பு அகன்றால் குறியின் தேவை குறையும். நம் ஊரில் எல்லா வீட்டுக்கும் அந்தப் பாலம் இன்னும் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் இம்மண்டபத்து ரவுட்டரிலேயே செய்து காட்டுகிறேன். ஒருவர் பெரிய காணொளி ஒன்றோடும், இன்னொருவர் வெளிநாட்டிற் பிள்ளை இருக்கும் பெரியவர் ஒருவரோடும் மேடையருகே வாருங்கள்.