ஊருக்கு ஒரு படப் பத்தாயம்

(பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறுவடையான நெல்லை நம் முன்னோர் பத்தாயத்தில் கொட்டி வைத்தனர். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக் குத்திக்கொண்டனர். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் களத்து மேட்டுக்கு ஓடியவர் எவருமில்லை. இன்று நாம் பேச வந்திருப்பதும் ஒரு பத்தாயத்தைப் பற்றியே. அதில் சேர்த்து வைக்க வேண்டிய பொருள், ஊரின் வரைபடம்.

வாய்க்கால் தூர் வாரும் வேலையைத் திட்டமிடவும், வெள்ளத்தில் மூழ்கிய வயல்களைக் குறிக்கவும், எந்த வடிகால் எங்கே அடைபட்டது என்று காட்டவும் நாம் இன்று கைப்பேசியிலும் கணினியிலும் படத்தைத் திறக்கிறோம். ஆனால் அலுவலகத்தில் பத்துப் பேர் ஒரே சமயத்தில் அதைத் திறந்தால் நடப்பது என்ன? இணைய இணைப்பு தடுமாறுகிறது. திரையில் சாம்பல் நிறக் கட்டங்களே தெரிகின்றன. பத்துப் பேரும் அதே ஊரின் அதே படத்தைப் பத்து முறை தூர தேசத்திலிருந்து தனித்தனியே வரவழைப்பதே இதற்குக் காரணம்.

இணையத்தில் படம் ஒரே தாளாக வருவதில்லை. சிறு சிறு சதுரத் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்டது. உலகம் முழுவதையும் ஒரே துண்டில் காட்டுவது பூஜ்யப் படி. ஒரு படி நெருங்கிப் பார்த்தால் 4 துண்டுகள். அடுத்த படியில் 16. இவ்வாறு நான்கு நான்காகப் பெருகி, பதினெட்டாம் படியில் உலகுக்குச் சுமார் 6,870 கோடித் துண்டுகள் ஆகின்றன. அந்தப் படியில் தஞ்சைப் பகுதியில் ஒரு துண்டு ஏறக்குறைய 150 மீட்டர் சதுரம். அதாவது ஐந்தரை ஏக்கர். நம் பழைய கணக்கில் ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவு. எனவே ஆயிரம் ஏக்கர் கொண்ட ஊருக்குச் சுமார் 180 துண்டுகளே போதும். எல்லையோரத் துண்டுகளைச் சேர்த்தாலும், இவை யாவும் கைப்பேசியில் எடுத்த சில புகைப்படங்களின் இடத்தில் அடங்கிவிடும். உலகம் பெரிது, நம் ஊருக்குத் தேவையானது சிறிது.

ஆகவே அலுவலகத்தில் ஒரு கணினியை நடுவே நிறுத்துகிறோம். இதனைப் ‘பிராக்ஸி’ என்பர். முதலில் ஒருவர் படத்தைக் கேட்டதும் அது வெளியிலிருந்து வாங்கி அவருக்குக் கொடுத்து, ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அடுத்தவர் கேட்டால் தன் கையிருப்பிலிருந்தே கொடுத்துவிடுகிறது. 2004-ஆம் ஆண்டில் வெளியான ‘என்ஜின்எக்ஸ்’ என்னும் மென்பொருள் இதற்கு ஏற்றது, விலையின்றிக் கிடைப்பது. உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை கணினியே இவ்வேலைக்குப் போதும். சிறு பேட்டரியிலும் ஓடும். நாம் படம் பார்க்கும் பக்கத்தில், வெளியிலுள்ள சர்வரின் முகவரிக்குப் பதிலாக நம் கணினியின் முகவரியை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பத்தாயம் ஒரு பக்கம் இருக்க, நாம் வேறு பக்கம் போய்க்கொண்டிருப்போம்.

நாம் செய்த பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். படத்தை ஏழு நாள் வைத்திரு என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தோம். சம்பாப் பயிர் நீரில் நின்ற ஒரு மழை நாளில் காலையில் பார்த்த படம், மாலையில் இணைப்பு அறுந்தபோது கிடைக்கவில்லை. பத்தாயம் காலி! பிறகுதான் விளங்கிற்று. ‘இன்ஆக்டிவ்’ என்னும் அளவை நாம் தனியே எழுதாவிட்டால், பத்து நிமிடம் எவரும் கேட்காத துண்டை அம்மென்பொருள் தானே அகற்றிவிடும். அதனை மாதக் கணக்கில் எழுதுங்கள். வெளி இணைப்பு அறுந்தால் பழைய பிரதியையேனும் கொடு என்னும் ‘யூஸ் ஸ்டேல்’ கட்டளையையும், ஒரே துண்டைப் பலர் கேட்டால் ஒருவர் பொருட்டு மட்டும் வெளியே போ என்னும் ‘லாக்’ கட்டளையையும் சேர்த்து எழுதுங்கள். இவை தாமாக வருவன அல்ல.

இனி, முறை பற்றி ஒரு வார்த்தை. தலைமடைக்காரர் மதகை இஷ்டம்போல் திறந்தால் கடைமடை காய்ந்துபோகும் என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பலரது உழைப்பாலும் நன்கொடையாலும் நடக்கும் பொதுச் சொத்து. அதன் சர்வர்களுக்கும் முறை உண்டு. பெற்ற துண்டை அவர்கள் குறிக்கும் காலம் வரை வைத்துக்கொள்ள வேண்டும்; காலம் குறிக்கப்படாவிட்டால் ஏழு நாளேனும் வைத்திருக்க வேண்டும். கேட்பவர் யார் என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். படத்தின் ஓரத்தில் பங்களிப்பாளர்களின் பெயரைக் குறிக்க வேண்டும். ஊர் முழுவதையும் முன்கூட்டி மொத்தமாக அள்ளிக்கொள்ளலாகாது. அவ்வாறு வேண்டும் ஒன்றியங்கள் மூலத் தரவை இறக்கிக்கொண்டு, தம் கணினியிலேயே படம் தீட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. வேறு சில நிறுவனங்களின் படங்களைச் சேமிக்க அனுமதியே கிடையாது. நிபந்தனையைப் படித்த பின்னரே கை வையுங்கள்.

பத்தாயத்தில் பழைய நெல்லும் இருக்கும். பழைய படமும் இருக்கும். ஆகவே இணைப்பு உள்ள நாளில் புதியதை வாங்க வேண்டும். அறுந்த நாளில் மட்டும் பழையதைக் கொண்டு ஒப்பேற்ற வேண்டும். மேலும், படத்தில் இல்லாத கிளை வாய்க்காலை எந்தப் பத்தாயமும் தராது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எவரும் திருத்தம் செய்யலாம். மதகு இருக்கும் இடம் தெரிந்த பெரியவரும், கணினி தெரிந்த இளைஞரும் சேர்ந்து உட்கார்ந்தால் நம் வாய்க்கால்களை நாமே வரைந்துவிடலாம். ஆனால் இது வழிகாட்டும் படமே. நில எல்லைத் தகராறுக்கு வருவாய்த் துறையின் ஆவணங்களே ஆதாரம் என்பதை மறந்துவிடலாகாது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபின், பல ஊர்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் இல்லாதுபோனதை நாம் அறிவோம். எந்தத் தெரு துண்டிக்கப்பட்டது, எந்த வழியே படகு போகலாம் என்று படம் மிகவும் வேண்டியிருக்கும் நாளே, அது வெளியிலிருந்து வராத நாள்.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தையும் வேண்டிக்கொள்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், அங்கத்தினர் எல்லோரும் உங்கள் ஊர்ப் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மறுநாள் அலுவலக இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே படத்தை மீண்டும் திறந்து பாருங்கள். படம் வந்தால் பத்தாயம் நிறைந்திருக்கிறது. வராவிட்டால், சீர்படுத்த இன்னும் நாள் இருக்கிறது.