சோறு போட்ட தாய்

(பொன்மலை லட்சுமி அம்மாள் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பகல் ஷிப்டு முடித்து ஆலையிலிருந்து நேரே வந்திருக்கிறீர்கள். நாற்று நட்டுவிட்டு, காலில் சேறு காயாமல் வந்திருக்கிறீர்கள். உங்களை நெடுநேரம் உட்கார்த்தி வைக்க மாட்டோம். ஒரு தாயின் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறோம்.

அந்தத் தாய் மேடையேறிப் பேசிப் பெயர் வாங்கியவர் அல்ல. சட்டசபைக்குப் போனவரும் அல்ல. தோழர் பாப்பா உமாநாத்தின் தாயார் என்றுதான் நம்மில் பலர் அவரைப்பற்றிக் கேட்டிருக்கிறோம். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. லட்சுமி அம்மாள்.

காரைக்கால் பக்கத்திலே கோவில்பத்து என்று ஓர் ஊர். அன்று அது பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்த சீமை. அங்கேதான் 1931ஆம் வருஷம் பாப்பா பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தனலட்சுமி. தகப்பனார் காலமாகிவிட்டார். குடும்பத்தைச் சுமக்க வேண்டிய பாரம் தாயின் தலையில் விழுந்தது. தாலியறுத்த பெண் மூலையில் உட்கார வேண்டும் என்பது ஊர் வைத்த சட்டம். உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? அந்தச் சட்டத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு, பிழைப்புத் தேடிப் பொன்மலைக்கு வந்தார் லட்சுமி அம்மாள்.

பொன்மலை எப்படிப்பட்ட ஊர்? தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை இருந்த ஊர். நாகப்பட்டினத்திலிருந்த பட்டறையை 1920களின் கடைசியில் அங்கே கொண்டுவந்தார்கள். கூடவே ஆட்குறைப்பும் வந்தது. அதை எதிர்த்து 1928இல் சிங்காரவேலர் முதலான தலைவர்கள் முன்நிற்க ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஊர்க் காற்றிலேயே சங்கம் கலந்திருந்தது.

அங்கே தொழிலாளிகளுக்குச் சமைத்துப் போட்டுத் தம் குடும்பத்தைக் காப்பாற்றினார் லட்சுமி அம்மாள். அடுப்படி வேலை லேசான வேலை அல்ல என்பது இங்கே இருக்கும் தாய்மார்களுக்குத் தெரியும். சங்கு ஊதுமுன் உலை கொதிக்க வேண்டும். வருகிற தொழிலாளி பசியோடு திரும்பக் கூடாது. சாப்பிட வந்தவர்கள் சங்கத்துச் செய்தியும் பேசினார்கள். அந்த வீட்டுச் சிறுமியைப் 'பாப்பா' என்று அன்போடு கூப்பிட்டார்கள். தொழிலாளி வைத்த அந்தப் பெயர்தான் கடைசிவரை நிலைத்தது.

1943இல், பன்னிரண்டு வயதில், பாப்பா விடுதலைக்கான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டு கைதானார். வயது போதாது என்று விட்டுவிட்டார்கள். வேறு தாயாக இருந்தால், "பொட்டைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கதவைச் சாத்தியிருப்பாள். லட்சுமி அம்மாளோ பின்னாளில் தாமே மகளோடு சிறைக்குப் போனார்!

1946இல் ரயில்வேத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 5ந் தேதி பொன்மலையிலே போலீஸ் துப்பாக்கி வெடித்தது. தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், தியாகராஜன், கிருஷ்ணமூர்த்தி என்ற ஐந்து தோழர்கள் மாண்டார்கள். அந்த ஊரில் உலை வைத்த எந்தத் தாய்க்குத்தான் அன்று சோறு இறங்கியிருக்கும்?

வெள்ளைக்காரன் போனான். ஆனால் தடியும் துப்பாக்கியும் போகவில்லை. 1948இல் அடக்குமுறை தொடங்கிற்று. 1949இல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11ந் தேதி சேலம் சிறைக்குள்ளேயே சுட்டார்கள். 22 தோழர்கள் செத்து விழுந்தார்கள். அந்த வருஷத்திலேதான் சென்னையில் தாயும் மகளும் கைதாகிச் சைதாப்பேட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

அடக்குமுறையை எதிர்த்துச் சிறையிலே உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஊருக்கெல்லாம் சோறு போட்ட அந்தக் கை, சிறைச் சோற்றைத் தொட மறுத்தது. நாள் மேல் நாள் போயிற்று. உடல் தேய்ந்தது. உறுதி தேயவில்லை. அந்தப் போராட்டத்திலேயே லட்சுமி அம்மாள் உயிர் துறந்தார்.

தோழர்களே, அதற்குப் பிறகு நடந்ததுதான் நெஞ்சைப் பிளப்பது. மகள் அதே சிறையில் இருக்கிறார். வயது இருபதைத் தொடவில்லை. தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்குச் சிறை அதிகாரிகள் ஒரு விலை சொன்னார்கள். "கட்சியை விட்டு விலகுவதாகச் சொல். தாயின் உடலைப் பார்க்க விடுகிறோம்" என்றார்கள்.

பாப்பா மறுத்துவிட்டார்.

பெற்ற தாய்க்கு ஒரு பிடி வாய்க்கரிசி போடாத பெண்ணா, இது கல்நெஞ்சம் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்கு நாம் நேராகப் பதில் சொல்ல வேண்டும். கல்நெஞ்சம் யாருக்கு? தாய்ப் பாசத்தையே தூண்டிலாக்கிப் போட்டவனுக்கா, அழுகையை அடக்கிக்கொண்டு அதைக் கவ்வாமல் நின்ற பெண்ணுக்கா? அன்று அவர் இணங்கியிருந்தால் தாயின் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தத் தாய் கிடந்த பட்டினியை அந்த ஒரு வார்த்தை வீணாக்கியிருக்கும். மகள் தாயின் முகத்தைக் காணவில்லை. தாயின் சொல்லைக் காப்பாற்றினார். இதைவிடப் பெரிய வாய்க்கரிசி எது?

அந்த மகள் பின்பு செய்த வேலையெல்லாம் நீங்கள் அறிந்ததே. 1981இல் சென்னையில் அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். 1989இல் பொன்மலையை அடுத்த திருவெறும்பூர்த் தொகுதி மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 2010இல் அவரும் மறைந்தார். தாயின் ஆயுளைச் சிறை குறைத்தது. மகள் அதைத் தம் உழைப்பால் நீட்டினார்.

முடிவாக நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். வேலைநிறுத்தம் என்றால் யார் உண்டியல் குலுக்கினார், யார் கொடி பிடித்தார் என்று சங்கத்துப் புத்தகத்தில் எழுதுகிறோம். சம்பளம் வராத அந்த நாட்களில் அரைப்படி அரிசியை நாலு வயிற்றுக்குப் பகிர்ந்து போட்டுவிட்டு, தான் வடிகஞ்சி குடித்துப் படுத்தவள் பெயரை எழுதியிருக்கிறோமா? மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டிலே "கூட்டத்தில் உனக்கென்ன வேலை?" என்று கேட்கும் தோழர் நம்மிலே இல்லையா? அவர் இன்று இரவே அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

படத்துக்கு மாலை போட்டுக் கலைந்து போவது லட்சுமி அம்மாளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அடுத்த கூட்டத்துக்கு உங்கள் தாயை, மனைவியை, மகளை அழைத்து வாருங்கள். முன் வரிசையில் உட்கார வையுங்கள். பேசச் சொல்லிக் கேளுங்கள். உலை வைக்கத் தெரிந்த கைக்குச் சங்கத்தை நடத்தவும் தெரியும்!

தாய் லட்சுமி அம்மாளுக்கு நம் செவ்வணக்கம்!