பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர்
(மாடித்தோட்டக் குழுவில் பேசியது)

போன தடவை தட்டைப்பயறு மஞ்சளாகிப் போனதற்கு விதையைக் குறை சொன்னோம். தப்பு என்னுடையது. ரைசோபியம் கலந்த விதையிலேயே பூஞ்சைக்கொல்லியையும் கலந்துவிட்டேன். பாக்கெட்டில் இருப்பது வெறும் தூள் இல்லை, உயிருள்ள பாக்டீரியா. மருந்து அதையும் கொல்லும்.

இந்த முறை ஆறின அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதையைப் புரட்டி, 30 நிமிடம் நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைப்போம். பாக்கெட்டை மொட்டைமாடி வெயிலில் வைத்துவிடாதீர்கள். யூரியாவும் வேண்டாம், தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி வேர்முடிச்சுப் போடச் சோம்பல்படும்.

பூக்கிற சமயம் ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். தக்காளி, கத்தரி வைத்திருப்பவர்கள் மட்டும் அசோஸ்பைரில்லம் கேட்டு வாங்குங்கள்.