பாட்டும் பாடமும்
(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஏற்றம் இறைத்த நாட்களில் நம் முன்னோர் பாடியது வெறும் களைப்பாற்றும் பாட்டன்று. இறைத்த சால்களின் கணக்கு அதனுள் இருந்தது. மேலே ஏற்றம் மிதித்தவரும் கீழே சால் பிடித்தவரும் இசைந்து இயங்க அதுவே துணை நின்றது. உழைப்புக்குத் துணையான இசை கல்விக்கும் துணையாகும் என்பது நமக்குப் புதுமையாகத் தோன்றாது. மாற்றுத்திறன் மாணவர்களுக்கு அளிக்கப்படும் இசைவழிப் பயிற்சி இத்தகையதே.

மூளை முடக்குவாதத்தால் நடை தடுமாறும் சிறுவனுக்கு, அவன் காலடிக்கேற்ற வேகத்தில் ஒரே சீராகத் தாளம் தட்டினால், அடுத்த அடியை எப்பொழுது வைப்பதென்பதைக் காது முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. பேச்சு வராத சிறுமி மத்தளத்தை ஒருமுறை தட்டுகிறாள். பயிற்றுநரும் அவ்வாறே தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். அவள் மீண்டும் தட்டுகிறாள். முறை வைத்துப் பேசுவதற்கு இதுவே ஆரம்பம். செவித்திறன் குறைந்த குழந்தையும் பறையின் அதிர்வை உள்ளங்கையால் அறியும். இது பாட்டு வகுப்பன்று. சுருதி பிசகினால் குற்றமில்லை. அந்தக் குழந்தைக்கென வகுத்த பயன் கிட்டியதா என்பதே கேள்வி.

இசையால் குறைபாடு அடியோடு நீங்குமென்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நாம் நம்பலாகாது. 9 நாடுகளில் ஆட்டிசம் உடைய 364 குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 5 மாதப் பயிற்சிக்குப் பின்னும் குறைபாட்டின் கடுமை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டு மதிப்பீடோ, பொதுவான முன்னேற்றத்துக்கு வாய்ப்பு கூடுவதாகக் கூறுகிறது. ஆகவே இசை துணையே. மருத்துவத்துக்கோ பேச்சுப் பயிற்சிக்கோ அது மாற்றன்று.

வீட்டுத் திண்ணையிலேயே வளரும் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றும் கிட்டாது. அயலார் பேச்சுக்கு அஞ்சிப் பெற்றோர் பிள்ளையை வெளியே அனுப்பாதிருப்பதும் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுடைய குழந்தைகள் 6 முதல் 18 வயது வரை கட்டணமின்றிக் கல்வி பெற 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை வழங்கியுள்ளது. தத்தம் வார்டில் அத்தகைய பிள்ளைகள் எவரெவர் என்று உறுப்பினர்கள் வீடு வீடாகக் கேட்டறிந்து, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிற்சிக்குக் காற்றோட்டமான ஓர் அறை, விரிக்கப் பாய், ஒரு மத்தளம், ஜால்ரா, சலங்கை இவை போதும். அன்பளிப்பாக ஒலிபெருக்கி தர முன்வருவோர் இருப்பர், அது வேண்டா. பேரோசை சில குழந்தைகளுக்குத் தாங்கொணா வேதனை தரும். அறையை எந்த நாட்களில் ஒதுக்குவது என்பதை அடுத்த கிராம சபையிலேயே தீர்மானித்து அனுப்புங்கள்.