நரி வெங்காயம்

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் சாலைகளைக் கடந்து, பாலாற்றங்கரையை விட்டு மலையடிவாரத்துப் பாறைச் சரிவில் ஏறினால், கோடையின் உக்கிரத்தில் புல்லும் கருகிக் கிடக்கும் செம்மண் சரளையில், ஓர் இலையேனும் இன்றி, நெடிய தண்டொன்று மாத்திரம் நிமிர்ந்து, தலை கவிழ்ந்த மங்கிய வெண்பூக்களைத் தாங்கி நிற்கக் காணலாம். அதுவே நரி வெங்காயம். முதலில் பூ, பிறகே இலை.

இது எவ்வாறு சாத்தியம்? சமையலறைக் கூடையில் மறந்துபோன வெங்காயம், மண்ணும் நீரும் இன்றியே முளை விடுவதை நாம் கண்டதில்லையா? அவ்விதமே இதுவும், சென்ற மழைக்காலத்தில் இலைகள் தயாரித்த ஆகாரத்தைக் கிழங்கில் சேமித்து வைத்து, அதைக் கொண்டே பூக்கிறது. மழை பெய்து மண் நனைந்த பின்னரே இலைகள் தலைகாட்டுகின்றன.

உருவத்தில் மட்டுமே இது வெங்காயம். உரித்தால் அந்த நெடி வராது. சாறு பட்ட இடம் அரிக்கும். இருதயத்தைத் தாக்கும் விஷம் அதில் உண்டு. வைத்தியர்கள் சுத்தி செய்து ஔஷதமாக உபயோகித்தார்கள் என்பது மெய்யே. எனினும், நாமாக அதை உண்ணலாகாது. ஆடு மேய்க்கும் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

பங்குனி, சித்திரையில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால், இலை வருமுன்னே பூவைப் பார்த்துவிடுங்கள். முதலில் பூ, பிறகே இலை.