நம்ம ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

2024 ஏப்ரல் 19-ம் தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தல்ல தமிழ்நாடு முழுக்க 100-க்கு சுமார் 70 பேர்தான் ஓட்டுப் போட்டாங்க. தருமபுரியில 81 பேர், மத்திய சென்னையில 54 பேர். நம்ம ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்த தென்காசித் தொகுதியில கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் போடல. "ஜனங்களுக்கு அக்கறை இல்ல"ன்னு சுலபமா சொல்லிடுறாங்க. எல்லாருக்கும் அது பொருந்தாது. என் கதையையே சொல்றேன்.

நான் பொறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். வாக்கப்பட்டது ராஜபாளையம் பக்கம். கல்யாணம் ஆனதும் ரேஷன் கார்டுல பேரை மாத்தினோம். அதோட ஓட்டும் மாறிடும்னு நினைச்சுட்டேன். 2016 சட்டமன்றத் தேர்தல் அன்னிக்கு வீட்டு வேலையெல்லாம் முடிச்சு, பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு சாயங்காலம் பூத்துக்குப் போனேன். பட்டியல்ல என் பேரு இல்ல. அது அப்பா ஊர்லயே கிடந்திருக்கு. பஸ் பிடிச்சுப் போறதுக்கும் நேரமில்ல. வரிசையில நின்ன அத்தனை பேர் முன்னாலயும் திரும்பி வந்தேன். "ஒரு ஓட்டுதானே, விடு"ன்னு வீட்டுல சொன்னாங்க. எனக்கு மனசு ஆறல. கல்யாணம் ஆனா ஆம்பளைக்கு ஊரு மாறுறதில்ல. நமக்குத்தான் மாறுது. அதுல ஓட்டு தொலைஞ்சுடுது.

போன தேர்தலுக்கு முன்னாடி எங்க குழு நோட்டுல ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்த ஊர்ல ஓட்டுன்னு எழுதினோம். 14 பேருல 3 பேருக்குப் பொறந்த ஊர்லயே இருந்துச்சு. ஒருத்திக்கு எங்கயுமே இல்ல. சேமிப்புப் பணத்துல ஒரு ரூபா குறைஞ்சா விடிய விடியக் கணக்குப் பார்க்கிற நாம, இதைப் பார்க்காமலே இருந்திருக்கோம்.

அப்போ தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். ஊரு மாறினவங்க படிவம் 8 கொடுக்கணும். 18 வயசு ஆன புதுப் பிள்ளைங்களுக்குப் படிவம் 6. உங்க ஊர் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேளுங்க, இல்லன்னா 1950-க்குப் போன் போடுங்க. ரெண்டு ஊர்ல பேர் வச்சிருக்கிறதும் தப்பு.

வாக்காளர் அட்டை தொலைஞ்சுதுன்னு வீட்டுல உட்கார வேண்டாம். பட்டியல்ல பேர் இருந்தா ஆதார், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக்கு இதுல ஏதாவது ஒண்ணு போதும். ரேஷன் கார்டு மட்டும் செல்லாது.

மில்லுக்கும் பேண்டேஜ் தறிக்கும் போற அக்காமார்களே, ஓட்டுப் போடுற அன்னிக்கு சம்பளத்தோட லீவு கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. தினக்கூலிக்கும் உண்டு. ஒருத்தியா கேட்கப் பயமா இருந்தா குழுவா சேர்ந்து கேளுங்க.

வீட்டுல 85 வயசு தாண்டின பெரியவங்க இருந்தாலும், 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் உள்ளவங்க இருந்தாலும், தேர்தல் அறிவிச்சதும் படிவம் 12டி கொடுத்தா அதிகாரிங்க வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்குவாங்க.

கைப்பிள்ளைக்காரிகளுக்கு நாங்க செஞ்சதைச் சொல்றேன். பாதிப் பேர் காலையில 7 மணிக்கே போனோம். மிச்சப் பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கிட்டாங்க. வந்ததும் மாத்திக்கிட்டோம். 9 மணிக்கெல்லாம் 14 விரல்லயும் மை!

ஒண்ணே ஒண்ணு. யாருக்குப் போட்டன்னு குழுவுல யாரும் கேட்கக் கூடாது. கடனையும் ஓட்டையும் முடிச்சுப் போடவே கூடாது. புருஷன்கிட்ட சொல்லணும்னு கூட கட்டாயமில்ல.

அடுத்த கூட்டத்துல தவணைக் கணக்கு முடிஞ்சதும் பக்கத்துல இருக்கிறவங்களைக் கேளுங்க: "அக்கா, உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்கு?" தேர்தல் அன்னிக்குக் கேட்டா நேரம் கடந்திடும். இப்பவே கேளுங்க.